ஆமோஸின் கடைசி ஐந்து வசனங்கள் பிற்பாடு சேர்த்தவையா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமோஸ் புத்தகத்தை முதல்முறையாக முழுதும் வாசித்திருக்கிறீர்கள். ஒன்பது அதிகாரத்தில் ஏறக்குறைய எல்லாமே அழிவுச் செய்தி. கடைசி ஐந்து வசனத்தில் மட்டும் திடீரென்று மலைகளிலிருந்து திராட்சரசம் வடிகிறது, பாழான பட்டணங்கள் எழும்புகின்றன. "இது பிற்பாடு யாரோ சேர்த்ததா? இல்லையென்றால் கடவுள் ஏன் இப்படி மாற்றிமாற்றிப் பேசுகிறார்?" என்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று, இந்தப் புத்தகம் எப்படி உருவானது என்ற வரலாற்றுக் கேள்வி. இன்னொன்று, அழிப்பேன் என்ற அதே வாய் மீட்பேன் என்றும் சொல்ல முடியுமா என்ற கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவதும் தானாகத் தீர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தீராது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இறையியல் கல்லூரியில் பல வருடங்கள் எபிரெயமும் பழைய ஏற்பாடும் கற்பித்திருக்கிறேன். கிறிஸ்தவன்தான், ஆனால் கீழே சொல்வதில் பெரும்பகுதியை நம்பிக்கை இல்லாதவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். சுருக்கமான பதில் இது: அந்த ஐந்து வசனங்கள் ஆமோஸின் காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதைச் சேர்த்தவர்கள் ஆமோஸைத் திருத்தவில்லை; அவர் சொன்னது நடந்து முடிந்த பிறகு அவரை வாசித்தார்கள். தீர்க்கதரிசன நூல்களில் ஒரு வசனம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நான் இதில் வலியுறுத்த நினைப்பது அந்த ஒன்றைத்தான்.

ஆமோஸிடமிருந்தே தொடங்குவோம். யூதாவிலுள்ள தெக்கோவா ஊர்க்காரர், மந்தை மேய்க்கிறவர், காட்டத்திப்பழம் பொறுக்குகிறவர். ஏறக்குறைய கி.மு. 760-750-இல், இரண்டாம் எரொபெயாம் ஆண்ட வட இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசுகிறார். பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருடத்துக்கு முன் என்று முதல் வசனமே காலம் குறிக்கிறது. ஆத்சோர் போன்ற இடங்களில் கிடைத்த இடிபாடுகளை அந்த அதிர்ச்சியோடு பல அகழாய்வாளர்கள் இணைக்கிறார்கள். அது செழிப்பான காலம். தந்தக் கட்டில்களில் படுத்திருக்கிறவர்களை ஆமோஸ் சாடுகிறார். சமாரியாவில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான தந்தச் செதுக்கல் துண்டுகள் கிடைத்தன. ஆக, அவர் கற்பனையான பணக்காரர்களைத் திட்டவில்லை.

அவர் பேச்சைத் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள ஒவ்வொரு நாட்டையும் கூண்டில் ஏற்றுகிறார். குற்றங்களெல்லாம் போர்க்கொடுமைகள்: ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து விற்றது, கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறியது. மோவாபின் குற்றம், ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டு நீறாக்கியது. அதில் இஸ்ரவேலுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு அந்நிய நாடுகளுக்கு நடுவே நடந்த அநியாயம். அதையும் இந்தக் கடவுள் கணக்கில் வைத்திருக்கிறார். கேட்கிற கூட்டம் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கும். அடுத்து யூதா, கடைசியில் இஸ்ரவேல். அங்கே போர்க்கொடுமை எதுவும் இல்லை. ஒரு ஜோடி பாதரட்சைக்காக எளியவனை விற்கிறார்கள், அடமானமாக வாங்கிய வஸ்திரத்தை விரித்துப் பலிபீடத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். கடன் வழக்கு என்று நாம் தள்ளிவிடக்கூடிய விஷயம். ஆமோஸ் அதைப் படுகொலைகளின் வரிசையிலேயே வைக்கிறார்.

அந்த வஸ்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அடமானம் வாங்கிய போர்வையைப் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவன் வேறெதில் படுத்துத் தூங்குவான் என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. 1960-இல் யாவ்னே கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கோட்டையில், மையால் எழுதப்பட்ட மட்பாண்டத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. என் பங்கு வேலையை முடித்துவிட்டேன், அப்படியும் என் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், என்னோடு அறுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள், எடுத்துக்கொடுங்கள் என்று கெஞ்சுகிறான். அவனுக்குத் திரும்பக் கிடைத்ததா என்பதற்குப் பதிவு இல்லை. தீர்க்கதரிசிகள் பேசும் நியாயத்தீர்ப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தத் துண்டைத்தான் காட்டுவேன். வானத்திலிருந்து இறங்கும் பொத்தாம்பொதுவான கோபமாக அது வருவதில்லை. யாரோ ஒருவனுடைய மேல்துணியிலிருந்து புறப்படுகிறது.

சரி, கடைசி ஐந்து வசனங்களுக்கு வருவோம். விழுந்துபோன தாவீதின் கூடாரத்தை எடுப்பிப்பேன், திறப்புகளை அடைப்பேன், பழுதானதைச் சீர்ப்படுத்துவேன் என்கிறது 9:11. ஆமோஸ் வாழ்ந்தபோது தாவீதின் வம்சம் எருசலேமில் சௌக்கியமாக ஆண்டுகொண்டிருந்தது. உசியாவின் ஆட்சி அது. விழுந்துபோனது என்று சொல்ல, கி.மு. 586-இல் எருசலேம் அழிந்ததற்குப் பிந்தைய காலம்தான் இயல்பாகப் பொருந்துகிறது. அடுத்த வசனத்தில் ஏதோமின்மேல் தெரிகிற கசப்பும் அந்தக் காலத்துக்கே அதிகம் பொருந்தும். எதிர்வாதமும் உண்டு: ராஜ்யம் இரண்டாகப் பிளந்ததையே விழுகை என்று ஆமோஸ் சொல்லியிருக்கலாம் என்பார்கள். அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஆனால் எனக்கு அது போதுமானதாகப் படவில்லை.

ஆனால் அந்த ஐந்து வசனங்களை நீக்கிவிட்டால் மீதியெல்லாம் இருட்டு என்று நினைக்காதீர்கள். ஏழாம் அதிகாரத்தை மறுபடி படியுங்கள். வெட்டுக்கிளித் தரிசனம் வருகிறது; ஆமோஸ் குறுக்கே விழுந்து, யாக்கோபு சிறுத்துப்போனானே, யார் அவனைத் திரும்ப எழுப்புவார்கள் என்று மன்றாடுகிறார். அது நடக்காது என்று பதில் வருகிறது. அடுத்து அக்கினி, மறுபடி மன்றாட்டு, மறுபடி அதே பதில். மூன்றாவது தூக்குநூல், இந்த முறை ஆமோஸ் வாய் திறக்கவில்லை. தண்டனையை அறிவிக்க அனுப்பப்பட்டவனே அதைத் தடுத்துப் பார்க்கிறான், இரண்டு முறை தடுக்கவும் முடிகிறது. ஐந்தாம் அதிகாரத்திலும், நியாயத்தை நிலைநிறுத்துங்கள், ஒருவேளை யோசேப்பில் மீதியாய் இருப்பவர்களுக்கு இரக்கம் கிடைக்கலாம் என்று ஒரு வரி நிற்கிறது. அந்த "ஒருவேளை"யில்தான் ஆமோஸின் நம்பிக்கை மொத்தமும் இருக்கிறது. கடைசி ஐந்து வசனங்களை எழுதியவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார் என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபணம் இல்லை.

இந்தப் புத்தகங்கள் வளர்ந்தன என்பதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. எரேமியாவே அதைச் சொல்கிறது: 36-ஆம் அதிகாரத்தில் யோயாக்கீம் ராஜா குளிர்காலத்தில் கணப்பின் முன் உட்கார்ந்து, சுருளை வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். எரேமியாவின் எழுத்தர் பாருக் மறுபடி எழுதுகிறார். அதில் அதைப்போன்ற வேறு அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று வசனம் வெளிப்படையாகவே முடிகிறது. வெளியிலும் சான்று உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலுள்ள எரேமியா, நம் கையிலுள்ள எபிரெயப் பிரதியைவிட ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ சிறியது. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த எபிரெயத் துண்டுகளில் சில அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப்போகின்றன. உங்கள் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ளது இது: தாவீதுக்கு ஒரு நீதியின் கிளையை முளைக்கப்பண்ணுவேன் என்ற எரேமியா 33:14-26 பகுதி முழுவதும் கிரேக்கத்தில் கிடையாது. மீட்பின் வாக்கு ஒன்று ஒரு பிரதியில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. யாரும் இதை ஊகத்தால் கட்டவில்லை, இரண்டு பிரதிகளும் நம் கையில் இருக்கின்றன.

ஏசாயாவும் அப்படித்தான். 39-ஆம் அதிகாரம் வரை அசீரியா மிரட்டுகிறது. 40-இல், தேற்றுங்கள் என்ற குரல் எழும்போது எதிரில் இருப்பது பாபிலோன், மீட்க வருபவன் பாரசீகத்துக் கோரேசு. நடுவே ஏறக்குறைய நூற்றைம்பது வருடம். 40-க்குப் பிந்தையது இன்னொரு கையின் வேலை என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் கற்பித்தேன். முன்னறிவிப்பை நம்புகிறவர்கள் ஒரே ஆசிரியர் என்பார்கள். அவர்களோடு இங்கே சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கும்ரானில் 1947-இல் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருளின் படத்தை இணையத்தில் எடுத்து 32-ஆம் பத்தியின் அடிப்பகுதியைப் பாருங்கள். 40-ஆம் அதிகாரம் அந்தப் பத்தியின் கடைசி வரியில் தொடங்குகிறது. புதுப் பத்திக்குப் போகவில்லை, பெரிய இடைவெளியும் விடவில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் அந்த எழுத்தன் அழிவையும் ஆறுதலையும் ஒரே மூச்சாக நகலெடுத்திருக்கிறான். எத்தனை பேர் எழுதினார்கள் என்பதற்கு இது சான்றாகாது. இரண்டையும் ஒன்றாகத்தான் வாசித்தார்கள் என்பதற்குச் சான்று.

இப்போது இரண்டாவது கேள்வி. கடவுள் மாற்றிமாற்றிப் பேசுகிறாரா? தீர்க்கதரிசனம் என்றால் வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வது என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். எரேமியா 26 அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும். ஆலயப் பிராகாரத்தில் நின்று, இந்த வீடு பாழான பழைய ஆராதனை இடமான சீலோவைப்போல் ஆகும் என்று பேசியதற்காக எரேமியாவைக் கொல்லப் பார்க்கிறார்கள். அப்போது மூப்பர்கள் சிலர் எழுந்து ஒரு பழைய வழக்கைச் சொல்கிறார்கள்: மொரேசா ஊரானாகிய மீகா, சீயோன் வயல்வெளியைப்போல் உழப்படும் என்றானே, எசேக்கியா ராஜா அவனைக் கொன்றாரா? கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினார், கர்த்தரும் சொன்ன தீங்கைச் செய்யாமல் விட்டார். மீகா சொன்னது அதுவரை நடக்கவில்லை. நூறு வருடம் கழிந்தும் யாரும் அவரைப் பொய்த் தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை. அவர் வார்த்தை பலித்ததாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். நடக்காமல் போனதுதான் பலிதம். அதே அதிகாரத்தில் உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியின் கதையும் வருகிறது; எகிப்துக்கு ஓடியவரை யோயாக்கீம் பிடித்துவரச் செய்து வெட்டினான். எரேமியாவைச் சாப்பானின் மகன் அகீக்காம் காப்பாற்றினார். யோனா புத்தகமும் இந்த விதியைத்தான் முழுக் கதையாகச் சொல்கிறது. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்ற அறிவிப்பு, நினிவே மனந்திரும்பியதால் நடக்காமல் போகிறது; தீர்க்கதரிசிக்குக் கோபம் வருகிறது. யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் வாசிப்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

யோனா தன் கோபத்தைக் கொட்டும்போது ஒரு பழைய வரியை எடுக்கிறார்: நீர் இரக்கமும் மனவுருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்கு முன்பே தெரியும். அது யாத்திராகமம் 34:6-7-இல் வருகிற அறிக்கை. அந்த அறிக்கையின் மறுபாதி, குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்று சொல்கிறது. பன்னிரு சிறு தீர்க்கதரிசிகளின் வரிசையில் யோனாவுக்கு ஒரு புத்தகம் தள்ளி நாகூம் வருகிறது. அதுவும் நினிவேயைப் பற்றியதுதான். நாகூம் மறுபாதியை எடுத்துக்கொள்கிறார். அவருடைய புத்தகத்தில் நினிவேக்கு மன்னிப்பே இல்லை, கி.மு. 612-இல் அந்த நகரம் விழவும் செய்தது. ஒரே ஊர், ஒரே அறிக்கை, இரண்டு பாதிகள். இந்த நூல்களைத் தொகுத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இல்லை. தெரிந்தே இரண்டையும் வைத்திருக்கிறார்கள்.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு எரேமியா 28-ஐவிடத் தெளிவான இடம் இல்லை. கி.மு. 597-இல் முதல் கூட்டம் பாபிலோனுக்குச் சிறைபோய்விட்டது. சிதேக்கியாவின் நாலாம் வருடத்தில், கிபியோன் ஊரானாகிய அனனியா ஆலயத்தில் எழுந்து, பாபிலோன் ராஜாவின் நுகத்தை முறித்தேன் என்று கர்த்தர் சொல்கிறார், இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அறிவிக்கிறார். எரேமியாவின் கழுத்திலிருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். அனனியா பேசியது தப்பான இறையியல் இல்லை. எரேமியாவின் புத்தகத்திலேயே இரண்டு அதிகாரம் தள்ளி, உன் கழுத்திலிருந்து அவன் நுகத்தை முறிப்பேன் என்ற அதே வாக்கு எரேமியாவின் வாயிலிருந்து வருகிறது. ஒருவர் பொய்யர், மற்றவர் மெய்யர். வித்தியாசம் காலத்தில்தான் இருக்கிறது. அநியாயம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமலேயே, சீக்கிரம் சரியாகிவிடும் என்றார் அனனியா. வலி முழுதாக வந்து இறங்கிய பிறகு, இது முடிவு இல்லை என்றார் எரேமியா.

29-ஆம் அதிகாரத்தை நாம் படும்பாடு படுத்துகிறோம். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற 29:11-ஐப் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வாங்காத தமிழ்க் கிறிஸ்தவ வீடு குறைவு. அதற்கு முந்தின வசனத்தை அட்டையில் அச்சடிப்பதில்லை: எழுபது வருடம் முடிந்த பின்பு. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பாபிலோனிலேயே சாகப்போகிறவர்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது கடிதம். அதைக் கேட்டவர்களுக்கு 11-ஆம் வசனம் இனித்திருக்காது.

அப்புறம் 32-ஆம் அதிகாரம். எனக்கு இந்த நூல்கள் எல்லாவற்றிலும் மிகப் பிடித்த பகுதி. கி.மு. 587 வாக்கில், நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சுற்றி மண்மேடு போட்டுக்கொண்டிருக்கிறது. எரேமியா காவல்வீட்டின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனுடைய சகோதரரின் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்திலிருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். குடும்ப நிலம் கைமாறிப் போகாமல் நெருங்கிய உறவுக்காரன் விலைகொடுத்து வாங்குவது அன்றைய சட்டம். லேவியராகமம் 25 அதைத்தான் சொல்கிறது. ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே கொஞ்சத் தொலைவில் உள்ள ஊர்; முற்றுகையிட்டவர்களின் பிடியில் இருந்திருக்கும். செல்லாக்காசு நிலம். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். கிரயப்பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையெழுத்துப்போட வைத்து, முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, வெகுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். ஏன்? இந்தத் தேசத்தில் இனியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பதற்காக. பத்திரம் எழுதி முடித்த பிறகுதான், ஆண்டவரே, பட்டணமே போகிறதே, நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று ஜெபத்தில் திகைக்கிறார். நாற்பது வருடமாக அழிவைச் சொல்லி வந்தவர், அழிவு கண்முன் நிற்கும்போது காசு செலவழித்து நம்பிக்கையைப் பதிவு செய்கிறார். பின்னால் ஏசாயா 40-55, கர்த்தரை இஸ்ரவேலின் மீட்பர் என்று திரும்பத் திரும்ப அழைக்கும்போது பின்னணியில் இருப்பது இந்த உறவுச் சட்டம்தான்: நம் நிலம் போய்விட்டது, வாங்கித் திருப்பித் தருகிற சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார்.

எசேக்கியேலிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பாபிலோனில் கேபார் வாய்க்கால் கரையில் இருந்தபடி, எருசலேம் விழும்வரை பெரும்பாலும் தண்டனையையே பேசுகிறார். 33:21-இல் தப்பிவந்த ஒருவன் நகரம் அழிக்கப்பட்டது என்று சொல்கிறான். அதற்குப் பிறகுதான் நல்ல மேய்ப்பன், நவமான இருதயம், உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு எல்லாம் தொடராக வருகின்றன. முன்பும் நம்பிக்கைக் கீற்றுகள் உண்டு, உதாரணமாக 11-ஆம் அதிகாரத்தில். அதனால் இதைச் சூத்திரமாக ஆக்க வேண்டாம். மேலும், எசேக்கியேலின் மீட்பில் கொஞ்சல் இல்லை. உங்கள் நிமித்தமாக இதைச் செய்யவில்லை, என் பரிசுத்த நாமத்தின் நிமித்தமாகச் செய்கிறேன் என்று 36-இல் சொல்லிவிடுகிறார். ஓசியா இதற்கு நேரெதிர். எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன், என் இருதயம் எனக்குள் குழம்புகிறது என்று 11-ஆம் அதிகாரத்தில் கடவுளே தத்தளிக்கிறார். நான் மனுஷனல்ல, தேவன் என்பதையே தண்டிக்காமல் விடுவதற்குக் காரணமாகச் சொல்கிறார். மீட்பு ஏன் என்ற கேள்விக்குத் தீர்க்கதரிசிகளிடம் ஒரே பதில் கிடையாது.

நடந்ததா என்றும் கேட்க வேண்டும். கி.மு. 539-இல் கோரேசு பாபிலோனைப் பிடித்தார். யூதர்கள் சிலர் திரும்பினார்கள். 515-இல் ஆலயம் முடிந்தது. 1879-இல் பாபிலோனில் கண்டெடுத்த கோரேசின் களிமண் உருளை, தன்னைத் தெரிந்தெடுத்தது மர்தூக் தெய்வம் என்கிறது. யூதாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஏசாயா 45 அதே கோரேசை, என்னை நீ அறியாதிருந்தும் நான் உனக்கு நாமம் தரித்தேன் என்று அழைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், ஒரு சின்ன அடிமைக் கூட்டம் பேரரசனின் வெற்றிக்குத் தன் விளக்கத்தைக் கொடுக்கிற துணிச்சல் தெரியும். ஆனால் திரும்பி வந்த வாழ்க்கை ஏசாயா பாடியதுபோல் இல்லை. புதிய ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, பழையதைக் கண்டிருந்த முதியவர்கள் அழுதார்கள் என்கிறது எஸ்றா. கூலிக்காரன் பொத்தலான பையில் கூலியைப் போடுகிறான் என்கிறார் ஆகாய். பலர் திரும்பவே இல்லை. பாபிலோனியாவில் "யூதா ஊர்" என்றே பெயர் பெற்ற கிராமத்தில் அவர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்ததும் வரி கட்டியதும் களிமண் பலகைகளில் பதிவாகியிருக்கின்றன. வட இஸ்ரவேலின் கதை இன்னும் கடினம். சமாரியா கி.மு. 722 வாக்கில் விழுந்தது. 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோன் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். அந்தக் கோத்திரங்கள் ஒரு சமூகமாகத் திரும்பி வரவேயில்லை. ஓசியாவின் அந்தத் தத்தளிப்பு அவர்களை நோக்கித்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் மீட்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

யூத மரபு இந்த இறுக்கத்தை நெடுநாள் சுமந்திருக்கிறது. எரேமியா, எசேக்கியேல், ஏசாயா என்று ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முது ஒரு வரிசை கொடுத்து, காரணமும் சொல்கிறது: எரேமியா முழுக்க அழிவு, எசேக்கியேல் அழிவில் தொடங்கி ஆறுதலில் முடிகிறது, ஏசாயா முழுக்க ஆறுதல். ஆலயம் அழிந்த ஆவ் மாதம் ஒன்பதாம் நாளுக்கு முன் மூன்று ஓய்வுநாள்களில் கண்டனப் பகுதிகள், பின் ஏழு ஓய்வுநாள்களில் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. மூன்றுக்கு ஏழு. இன்னொரு கதையும் தால்முதில் உண்டு. ரோமர் இடித்த ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்திலிருந்து நரி ஒன்று வெளியே வருவதைக் கண்டு மற்ற ரபிகள் அழ, ரபி அக்கிவா சிரிக்கிறார். சீயோன் வயலைப்போல் உழப்படும் என்ற வாக்கு நிறைவேறாதவரை, முதியவர்கள் எருசலேம் வீதிகளில் மறுபடி உட்காருவார்கள் என்ற சகரியாவின் வாக்கு நிறைவேறாமல் போகுமோ என்று பயந்தேன், இப்போது பயமில்லை என்கிறார். எசேக்கியா காலத்தில் தவிர்க்கப்பட்டதாக நினைவுகூரப்பட்ட அதே மீகா வசனம், பல நூற்றாண்டு கழித்து நிறைவேறியதாக வாசிக்கப்பட்டு, நம்பிக்கைக்கு ஈடாக நிற்கிறது. நாம் கிறிஸ்தவர்கள் ஏசாயா 53-ஐ இயேசுவில் வைத்து வாசிக்கிறோம். யூதர்களில் பெரும்பாலோர் அந்த ஊழியக்காரனை இஸ்ரவேலாகவே வாசிக்கிறார்கள், 49:3 அவனை இஸ்ரவேல் என்றே அழைக்கவும் செய்கிறது. இதில் எந்தப் பக்கம் சரி என்பதை மொழியறிவு தீர்மானிக்காது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஓசியா 2, எசேக்கியேல் 16, 23 ஆகியவை நகரத்தையும் தேசத்தையும் துரோகம் செய்த மனைவியாக வைத்து, அவளை நிர்வாணமாக்கி அடிப்பதைத் தண்டனையாக வர்ணிக்கின்றன. பிறகு வரும் சமரசத்தால் அந்த வர்ணனை சரியாகிவிடாது. வகுப்பில் மாணவிகள் அதை வாசித்துவிட்டு மௌனமானதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து உருவகம் என்று விளக்கலாம். அசீரிய உடன்படிக்கைகளின் சாபங்களோடு ஒப்பிடலாம். அந்த விளக்கங்கள் உண்மைதான், ஆனாலும் வாசிக்கிறவளின் வலியை அவை தீர்ப்பதில்லை. நியாயத்தீர்ப்பின் மொழி எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. ஆமோஸின் வஸ்திரத்துக்காக நான் வாதாடுவேன். எசேக்கியேல் 23-க்காக வாதாட மாட்டேன்.

அடுத்து எதை வாசிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எரேமியா 26 முதல் 32 வரை ஒரே அமர்வில் வாசியுங்கள். யோனாவையும் நாகூமையும் ஒரே நாளில் வாசியுங்கள். அதன்பின் ஆமோஸுக்குத் திரும்பிப்போங்கள். எரேமியா 28:6-இல் கொஞ்சம் நில்லுங்கள். அனனியா நல்ல செய்தியைச் சொல்லி முடித்ததும் எரேமியா, ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அது எகத்தாளமா, மனதார வந்ததா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. மனதார வந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். எதிராளி சொன்னது நடந்தால் நன்றாக இருக்கும் என்று விரும்பிக்கொண்டே, அது நடக்காது என்று சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.